இரண்டாவது சாம்பிள்

அவிநாசி
4.11.2007

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா ரங்காத்தாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, அந்த எல்லோரில் உன் அப்பா இனி இல்லை என்று எழுதும்போதும் எழுத்து கோணவில்லை, நீயே பார். புரட்டாசியில் அவர் போனார், ஐப்பசியும் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, இன்னும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சாரதாமணி தினமும் வந்து, ஒருக்கா வாய் விட்டு அழுதுருங்கக்கா, நெஞ்சுல வெச்சுக்காதீங்க என்கிறாள். வந்தால் அழமாட்டேனா. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதில்லை போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சோறு ஆக்குகிறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன், அப்பாவுக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டு அதை நானே குடிக்கிறேன். நீ வர முடியவில்லையே என்று குமையாதே, ரத்தக்கசிவு இருக்கும்போது விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபின் நீ வந்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீயோ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று என்னைக் கேட்டே போன் கார்டைத் தீர்த்துவிடுகிறாய், நான் ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தின் பேச்சை நீ நடுவில் வெட்ட முடியாது. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நம் பட்டியில் வெள்ளாடு ஒன்று குட்டி போட முடியாமல் கிடந்ததே, நினைவிருக்கிறதா? அப்பா ஆட்டைப் பிடித்துக்கொள்ள நீதான் வெறும் கையால் குட்டியை இழுத்தாய், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் துணியால் நீங்கள் இருவரும் அதைத் துடைத்தீர்கள், ஆஸ்திரேலியா போயும் எம் புள்ளைக்குக் கை மறக்கல பாருங்க என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பாவைக் கொண்டுபோன கிருமி அந்த ஈரத்திலும், அது காய்ந்த தூசியிலும்தான் இருந்திருக்கிறது. ஆட்டுக்கு ஒரு நோவும் தெரியாதாம், மூச்சில் போனால் மனுசருக்குத்தான் வருமாம்.

நீ ஊருக்குப் போனபின் அப்பாவுக்குக் காய்ச்சலும் மண்டை உடைகிற தலைவலியும் வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. அங்கிருந்த சின்ன வயது லேடி டாக்டர் ஆடு மாடு உண்டா என்று விசாரித்துவிட்டு இது கியூ காய்ச்சலாக இருக்கலாம் என்றார். அப்பா உடனே, ரேசன் கடை கியூல நின்னதுக்கு வந்ததுங்களா என்று அவரைச் சிரிக்க வைத்துவிட்டார். என்ன காய்ச்சல் என்று தெரியாத காலத்தில் இங்கிலீசில் கேள்வி என்பதற்கு வைத்த கியூ எழுத்தாம் அது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. இதற்குக் கிருமியை நேராகத் தேடுவதில்லையாம், கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புச் சத்து ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். அது ஊறி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் இன்றைக்கு ஒரு சாம்பிள், சில வாரம் கழித்து இன்னொரு சாம்பிள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏறியிருக்கிறதா என்று தெரியும் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னார்.

முதல் சாம்பிளில் ஒன்றும் இல்லை என்று வந்தது, காய்ச்சலும் மாத்திரையில் இறங்கிவிட்டது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பது வருசமாகப் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குச் சாம்பிள் அனுப்பியே தலை நரைத்தவர். முதல் சாம்பிள் ரிஜெக்ட் ஆனால்தான் இங்கு யாரும் இரண்டாவது கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, மொதோ சாம்பிளே ஓகே ஆயிடுச்சுங்க அம்மிணி, ரெண்டாவது எதுக்குங்க, ஆர்டர ஓட்ட வேண்டீதுதான என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நாங்களும் கூடச் சிரித்தோம். உன் அண்ணன் தமிழ்செல்வன் அதை மண்ணரையில் தான் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஆடியில் அப்பாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சின்ன வயதிலேயே அவருக்கு இருதய வால்வு ஒன்று பழுது, அந்தக் கிருமி அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அப்போது எடுத்த ரத்தத்தில் எதிர்ப்புச் சத்து எக்கச்சக்கமாக இருந்தது. அதிலும் ஒன்றாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு வகை பார்க்கிறார்கள், புதுக் காய்ச்சலில் இரண்டாம் கட்டந்தான் முதலில் ஏறுமாம், ஒன்றாம் கட்டம் உச்சத்தில் இருந்தால் நாள்பட்டுப் போனதாம். இப்படித் தலைகீழாகப் பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்றாம் கட்டந்தான் உச்சத்தில் இருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள், அதற்கு அவருக்கு ஆயுசு போதவில்லை.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன் கண்ணு. நீ இங்கிருந்து போன மாதமே உனக்கும் காய்ச்சல் வந்தது, ஒரு தடவை ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள் என்று அப்போதே சொன்னாய். போன வாரம் அண்ணன் உன்னிடம் மறுபடி பார்க்கச் சொன்னதற்கு, அதான் அப்பவே நெகட்டிவ்னு வந்துருச்சுல்லண்ணா, மறுக்கா எதுக்கு என்றாயாம். அவன் வந்து சொன்னதும் எனக்கு உன் அப்பாவின் குரலே காதில் விழுந்தது. மரத்துப்போன இந்த உடம்பில் அன்றைக்குத்தான் ஒன்று சுருக்கென்று தைத்தது, அது துக்கமில்லை, பயம். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு இது உள்ளே கிடந்து கிளம்பிக் குழந்தையைப் பாதிக்கலாமாம். நான் கேட்டபோது அந்த லேடி டாக்டரே சொன்னார், கர்ப்பிணிக்குக் கொடுக்க வேறு மாத்திரை இருக்கிறதாம், பிரிஸ்பேன் பக்கம் டாக்டர்களுக்கு இந்தக் காய்ச்சல் நன்றாகத் தெரியுமாம். வெறும் ரத்தக்கசிவு என்று மட்டும் சொல்லாதே, ஆட்டுக்குப் பிரசவம் பார்த்ததை வெட்கப்படாமல் சொல், அப்பாவின் ரிசல்ட்டையும் காட்டு, அண்ணன் மெயிலில் அனுப்புவான்.

பட்டி ஆடுகளை விற்றுவிடலாம் என்றான் அண்ணன், சந்தைக்குப் போனால் இன்னொருத்தர் வீட்டுக்குத்தானே இந்த நோவு போகும் என்று நான் விடவில்லை. மாட்டு டாக்டர் வந்து அவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார். எனக்கும் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றுதான் வந்தது, இருந்தாலும் நாளைக்கு அண்ணனோடு போய் இரண்டாவது கொடுக்கப் போகிறேன். இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லை, நீ மட்டும் மாப்பிள்ளைக்கு ஏதாவது இனிப்புச் செய்து கொடு. காலை நீட்டி உட்கார், கனமான எதையும் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

ரத்தம் கொடுத்ததும் போன் செய், ரிசல்ட் வந்ததும் மறுபடி செய். உன் அப்பாவுக்காக நான் இன்னும் அழவில்லை என்று எழுதினேன் அல்லவா, உன் இரண்டாவது சாம்பிள் நல்லபடியாக வரட்டும் கண்ணு, அன்றைக்கு உட்கார்ந்து அழுதுகொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ரங்காத்தாள்