மூன்று தடவையும் அதே புல்வெளி

ஸ்டைன்பாக், 6 ஜூலை 1987

அன்புள்ள ரோசினாவுக்குப் பாட்டி எழுதுவது.

கணுக்கால் எலும்பு கூடிவருகிறதா? பிளம் கேக் அனுப்பியிருக்கிறேன், பக்கத்துக் கட்டில்காரிக்கும் கொடு.

"காத்து செத்துப்போச்சு பாட்டி, கெடச்ச எடத்துல எறக்கிட்டேன்" என்றாய். கிளைடருக்கு இன்ஜின் கிடையாது, காற்று தூக்காவிட்டால் வயலில்தான் இறங்கவேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கல்குவாரிக்கு மேலே பருந்துகள் இறக்கை அடிக்காமலே ஏறிக்கொண்டிருந்தன. உன்னை மட்டும் காற்று கைவிட்டதா? இந்தக் கோடையில் மூன்று தடவை இறங்கினாய். மூன்று தடவையும் ஹாபர்கோர்ன் வீட்டுப் புல்வெளியா? நிலம் அளக்க வந்தவனுக்குப் பன்றித் தொடையை லஞ்சமாகக் கொடுத்து அவர்கள் என்னிடமிருந்து தட்டிப் பறித்த புல்வெளி அது.

க்ரெஸ்ஸென்ஸ் பாட்டி

ஃபுல்டா ஆஸ்பத்திரி, 10 ஜூலை

அன்புப் பாட்டி,

கேக் தீர்ந்துவிட்டது. பருந்தோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

மேலிருந்து பார்த்தால் வெளிர்பச்சை என்றால் வெட்டிய புல் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போன தடவைகளில் அப்படித்தான் இருந்தது. இந்தத் தடவை வெட்டாத புல் பூத்து வெளுத்திருந்தது. தரைக்கு வந்த பிறகுதான் இடுப்பளவு என்று தெரிந்தது. இடது இறக்கை அதில் சிக்கி, கிளைடர் பம்பரமாய்ச் சுற்றிவிட்டது. கழுத்து தப்பியதே பெரிது என்கிறார் டாக்டர். வெண்டலின்தான் ஓடிவந்து தூக்கினான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ரோசினா

ஸ்டைன்பாக், 14 ஜூலை

ரோசினா,

போன வருஷம் வரைக்கும் அவன் "அந்த ஹாபர்கோர்ன் பையன்". இப்போது வெண்டலினா?

கழுத்து என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவை மண்ணில் வைத்தவள் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது. மறைக்காமல் எழுது.

பாட்டி

ஸ்டைன்பாக், 25 ஜூலை

கண்ணு ரோசினா,

நீ பதில் போடவில்லை. அதனால் நேற்று நானே ஹாபர்கோர்ன் வீட்டுக்குப் போனேன். படி ஏறவில்லை. வாசலில் நின்றே வெண்டலினிடம் கேட்டேன்.

"ஏன்டா புல்ல வெட்டல?"

"மழை விடட்டும்னு இருந்தேன் பாட்டிம்மா."

"பொண்ணு வானத்துலேருந்து குதிக்கிறா, நீ மழையப் பாத்துக்கிட்டிருந்தியா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்லிட்டா வர்றா? வேணாம், ரோட்டுல வான்னுதான் நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன். ரோட்டுல வந்தா பாட்டி ஜன்னல்ல உக்காந்திருக்கும்னு சொல்றா."

திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர்களை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் கால் சரியானதும் ரோட்டு வழியாகவே போய்வா. என் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

உன் பாட்டி
க்ரெஸ்ஸென்ஸ்