நான்தான் என்றால் நம்பாதவருக்கு

என் அன்பு மச்சான்,

நேற்று குரோம்பேட்டையில் ஒரு புது டாக்டரைப் பார்த்தேன். குரல் நாணில் மறுபடி ஆபரேஷன் செய்தால் என் பழைய குரல் வரலாம் என்கிறார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்களா?

அன்று குரல் நாணில் இருந்த கட்டியை எடுத்த பிறகு ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்தேன். ஷார்ஜாவிலிருந்து நீங்கள் போன் செய்தபோதுதான் முதலில் பேசினேன்.

"நல்லா இருக்கேன் மச்சான்."

"யாருங்க பேசுறது? ரஹீமாவக் கூப்பிடுங்க."

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்க. அவளுக்கு என்ன ஆச்சு?"

நான் மௌத்தாகிவிட்டேன், தாம்பரத்தில் எல்லோரும் சேர்ந்து என் சாவை மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். என் தம்பி பேசியும் நம்பவில்லை. லீவுக்குச் சண்டை போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றீர்கள். என் முகத்தைத் தடவினீர்கள். "எங்க, பேசு" என்றீர்கள். பேசினேன். அழுதுவிட்டீர்கள்.

அதன்பிறகு உங்கள் சந்தேகமெல்லாம் ஆபரேஷன் செய்த டாக்டர்மேல் திரும்பியது. அவர் கேமரா விட்டு டிவியில் என் தொண்டையைக் காட்டினார். ஒரு நாண் அலையலையாக அசைந்தது. வெட்டிய நாண் ஓரிடத்தில் விறைத்து நின்றது.

"தழும்பு சார். அந்த இடம் அதிரல. ரெண்டும் சரியா சேராம காத்து ஒழுகுது, அதான் குரல் கட்டையா வருது."

"கட்டிய எடுத்ததால வந்த தழும்பா? இல்ல, நாணையும் கூடச் சேத்து வெட்டிட்டீங்களா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆறாது சார்."

இது ஒரு பதிலா, மச்சான்?

நீங்கள் திரும்பிப் போன மறுவருஷம் உங்கள் இதயம் நின்றுவிட்டது. கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் எட்டவில்லை என்று பள்ளியில் டீச்சராக இருந்த என்னை லைப்ரரிக்கு மாற்றிவிட்டார்கள். போனில் என்னை "சார்" என்கிறார்கள். பிள்ளைகளுக்கு மறுபடி பாடம் நடத்த ஆசையாக இருக்கிறது. அதனால்தான் நேற்று போனேன்.

"மேலோட்டமா எடுத்திருக்கணும்மா. ரொம்ப ஆழமாப் போயிருக்காங்க," என்றார் புது டாக்டர்.

நீங்கள் கேட்டதும் அதைத்தானே! ஆனால் இவர் சொல்வது உண்மையா, இல்லை, என்னை மறுபடி ஆபரேஷன் மேஜையில் படுக்கவைக்கவா?

"இன்னும் மோசமாகுமா டாக்டர்?"

"ஆகவும் வாய்ப்பிருக்கு" என்றார் மெதுவாக. நான் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா?

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். முதலில் குரலுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் போகிறேன். உங்களோடு கடைசியாகப் பேசிய குரல் இது. எனக்கு முழுசாக விளங்கும்வரை இதன்மேல் யாரையும் கத்தி வைக்க விடமாட்டேன், மச்சான்.

உங்களுக்காக துஆ செய்யும் மனைவி,
ரஹீமா