மாப்பிள்ளை மாட்டிய ஃபில்டர்

12.11.2008, புதன்

ஊருக்கு வந்திருந்த தங்கையைப் பார்க்க இன்று மாப்பிள்ளை வந்தார். உத்தமபாளையத்தில் புதிதாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டிருக்கிறார். எங்கள் மினி டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் கொண்டுவந்து அவரே மாட்டியும் விட்டார். கம்பெனி ஃபில்டர் இல்லை.

"ஒரிஜினலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல மச்சான்."

தங்கை வாழும் வீடு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் திராட்சைக்கு மருந்தடிக்கிற நேரத்தில் மட்டமான ஃபில்டரால் டீசல் பம்ப் போய்விட்டால் தோட்டமே வீணாகிவிடும். அவர் கிளம்பியதும் ஸ்பேனரை எடுத்தேன். திரும்பினால் தங்கை நிற்கிறாள்.

"கழட்டிருண்ணே," என்றாள் மெதுவாக. "எங்க வண்டிக்கு அவுக ஒரிஜினல்தான் போடுறாக."

ஃபில்டரைக் கழட்டி வைத்துவிட்டேன். நாளை காலையிலேயே தேனிக்குப் போய் ஒரிஜினல் வாங்க வேண்டும். சாயந்திரம் அவளை அழைத்துப்போக மாப்பிள்ளை வருவார். வந்ததும் வண்டியைத்தான் பார்ப்பார். யார் கழட்டச் சொன்னது என்று கேட்டால், நானாகத்தான் கழட்டினேன் என்று சொல்லிவிட வேண்டும்.