மதகுக் கட்டையில் வெட்டிய வட்டங்கள்

இன்று காலை வாசல் கால்வாயில் உப்புச் சேற்று நாற்றம் ஏறி வந்தது. பௌர்ணமிக் கடல் ஏற்றம். கோலசிலாங்கூரில் இப்போதெல்லாம் அது சாலைவரை வந்துவிட்டுப் போகிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். எனக்கு உன் ஞாபகம் வந்து, பசியாறக்கூட மனம் வரவில்லை.

நீ தென்னந்தோட்டத்து மதகுக்காரன். நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. கடல் ஏறும்போது மதகை இறக்கி, வற்றும்போது தூக்கித் தோட்டத்து நீரை வெளியே விடுவது உன் வேலை. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து, நம் ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, எல்லாரையும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் கையாளோ என்று சந்தேகப்பட்ட காலம் அது. நீ மட்டும் கடலைச் சந்தேகப்பட்டாய்.

"தண்ணி போன வருசத்தவிட ஒசந்து நிக்குது கிராணியாரே," என்றாய். மதகுக் கட்டையில் கத்தியால் கோடு போட்டு வைத்திருந்தாய். எது எந்த நாள் என்று உனக்கே குழம்பியது. படிக்கத் தெரியாத உனக்கு நான்தான் வழி சொன்னேன்: பௌர்ணமி ஏற்றத்துக்கு வட்டம், அமாவாசைக்குப் புள்ளி, வருடம் பிறந்தால் குறுக்கே ஒரு வெட்டு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் வட்டத்தை வெட்டியதும் என் கைதான்.

மூன்று வருடத்தில் வட்டங்கள் நாலு விரற்கடை ஏறிவிட்டன. கடல்தான் பொங்குகிறது என்றேன். நீ சிரித்தாய்.

"கடல மட்டும் சொல்லாதீங்க. வாய்க்கா வெட்டி வெட்டிக் காய வச்சோம், நம்ம மண்ணும் அமுங்குது. கரையோரச் சேத்துல நின்னு அலைய மறிச்ச பாக்காவ் மரத்தையும் வெறகுக்கு வெட்டிட்டோம். அது உள்ள வராம எங்க போவும் லா?"

கரையை உயர்த்தும்படி தோட்டத் துரையிடம் சொல்லக் கெஞ்சினாய். நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன்.

அதற்குள் ரோந்து வந்த சிப்பாய்கள் கட்டையைப் பார்த்துவிட்டார்கள். யாருக்கு வைத்த அடையாளம் என்று கேட்டார்கள்.

"கடல் தண்ணி அளவுங்க. கிராணியாருக்குத் தெரியும், அவரையே கேளுங்க," என்று நிம்மதியாக என் பக்கம் கையைக் காட்டினாய்.

அதிகாரி என்னைப் பார்த்தார். துரையும் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க," என்றேன்.

நீ திட்டவில்லை. லோரியில் ஏறும்போதுகூட, "சாயங்காலம் ஏத்தம் இருக்கு, மதக எறக்கச் சொல்லுங்க," என்றாய். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை; உனக்காகப் பேசியதாகிவிடுமே என்று பயம். அன்று உப்புத்தண்ணீர் கீழ்வரிசைத் தென்னைகளுக்குள் புகுந்தது. உன்னைச் சில மாதம் அடைத்து வைத்து, இந்தியாவில் நீ கைக்குழந்தையாக விட்டு வந்த ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள். அங்கேயே இறந்துபோனாய் என்று வெகுநாள் கழித்து யாரோ சொன்னார்கள். வெட்கக்கேடு, இனி என்னைக் கேள்வி கேட்க நீ வரமாட்டாய் என்று அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

போன வாரம் கடல் மட்டத்தை அளக்க ஒரு பெண் வந்தாள், நம் தமிழ்ப்பிள்ளை. அந்தக் காலத்தில் யாராவது அளந்து வைத்திருந்தார்களா என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். மண் அமுங்கியதை, மரம் வெட்டியதை, வட்டத்தை, புள்ளியை எல்லாம் சொன்னேன். வாய் வலிக்கப் புகழ்ந்தேன். அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

"அவரு அப்புறம் என்னா ஆனாரு தாத்தா?"

"ஊருக்குப் போயிட்டாரும்மா," என்றேன், நீயாக ஆசைப்பட்டுக் கிளம்பிப் போனதுபோல.

இந்த முறை என்னை மிரட்ட அங்கே யாருமே இல்லை.