வலது கண்ணைச் சுற்றி ஒரு வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? ஃபோனில் பேசலாம் என்றால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குக் கருவிழி மாற்றிய வலது கண்ணில் பூஞ்சை பிடித்திருக்கிறது. சிவந்துபோய், வெளிச்சம் பட்டாலே தண்ணீர் கொட்டுகிறது. மணிக்கொரு தரம் மருந்து விடுகிறேன். கட்டுப்படாமல் உள்ளே இறங்கினால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் ஆஸ்பத்திரியைத்தான் சந்தேகப்பட்டேன். கெட்டுப்போன கருவிழியை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அதே ஆள் தானம் கொடுத்த இன்னொரு கருவிழியைப் பொருத்திக்கொண்டவர் நன்றாக இருக்கிறாராம். வீட்டில் கண்ணில் என்ன பட்டது, மண்ணா, ஈரத்துணியா என்று திருப்பிக் கேட்டார். உன் அப்பா முந்திக்கொண்டு, "கண்ணுகிட்ட ஒரு தூசிகூடப் போகல டாக்டர், சத்தியமா" என்றார். சத்தியம் யார் கேட்டார்கள்?

நேற்று பார்க்கிறேன், அந்த வலது கண்ணைச் சுற்றிச் சின்னதாக ஒரு வளையம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடியின் தடம் என்றார். மூடி அகலமாயிற்றே! வாட்ச் பழுது பார்க்கும்போது கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்த லென்ஸின் தடம் இது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

தேடினேன். மேஜை இழுப்பறையில் பழைய துணிக்குள் கிடந்தது. மழை ஈரத்தில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பேசாமல் எடுத்து ஒளித்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை, கேட்டால் மாட்டிக்கொள்வாரே! காலையிலிருந்து சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறார். என்ன வேண்டும் என்றால், "சும்மா, சர்க்கரை இருக்கான்னு பாத்தேன்" என்கிறார். டீக்கே சர்க்கரை வேண்டாம் என்கிற மனுஷன்!

அந்தக் கண்ணுக்கு வாட்சின் சின்னத் திருகாணி தெரிகிறதா என்று பார்த்திருப்பார். தெரியாவிட்டால் கடையை மூட வேண்டுமே என்ற பயம். டாக்டரிடம் நான் சொன்னால், எதிரிலேயே இல்லை என்று சாதிப்பார். கடையில் இன்னொரு லென்ஸ் இருக்கிறது. காற்று வாங்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார், செருப்பை ஒளித்துவிட்டேன். எத்தனை நாள்தான் ஒளிப்பது?

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. உன்னிடம் பொய் சொல்ல மாட்டார். திட்டாதேம்மா. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லச் சொல். கடை போனால் போகட்டும், அந்தக் கண்ணில் எதுவுமே தெரியாமல் போனாலும் அம்மா கூடவே இருப்பாள் என்று நீ சொல். நான் சொல்லத்தான் பக்கத்தில் போகிறேன், வாயைத் திறந்தால் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா