வலக்கண்ணுக்கு வலக்கண்

ஒக்ரோபர் 13, திங்கள்

காலையிலேயே வெக்கை. மழை இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போய்விட்டது. சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் நின்றே பயணம்.

ஆஸ்பத்திரியில் பார்வை ஆய்வுப் பயிற்சியின் கடைசிக் கிழமை. கணினி படித்த ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியர் சோடி. எனக்கு அன்ரன், குருநகர்க்காரர். (இனி அ.) வெள்ளிக்குள் சோடியின் கண்ணுக்குள் பார்த்து, தெரிவதைக் கையால் வரைந்து கொடுக்க வேண்டும். விழித்திரைப் படங்கள் ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். சீனி வருத்தக்காரரின் (நீரிழிவு) படங்களில் இரத்தக் கசிவை என் மென்பொருள் குறித்துக் காட்டும். உயிருள்ள கண்ணுக்குள் ஒருமுறையும் பார்த்ததில்லை.

அடுத்த ஒரு வருடப் பயிற்சிக்கு அ. இரண்டு இடம் கேட்டிருக்கிறார். இங்கேயே, அல்லது கொழும்பு. கடிதம் இந்தக் கிழமை வரும். எனக்கு இங்கேதான் வேலை. அவருக்கும் இங்கே என்றால் இன்னொரு வருடம் இருவருக்கும் ஒரே மேசை.

வேறு எதையும் எழுதப் போவதில்லை.

வாங்க: பயறு அரைக் கிலோ, அம்மாவுக்குத் தலையிடிக் குளிசை. குடைக் கம்பி திருத்த.

14, செவ்வாய்

முதல் முயற்சி. சிவப்பு வெளிச்சம் மட்டும். கண்ணுக்குள் பார்க்கும் கைக்கருவியின் சில்லை உருட்டிக்கொண்டே இருந்தேன். திரையில் பெரிதாக்கிப் பழகிய கை. இங்கே பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும்.

கண் பிரிவில் மருந்து விடும் மேரியக்கா பின்னால் நின்று சிரித்தார்: "என்ன பிள்ளை, பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி எட்ட நிண்டு பாக்கிறீர்? கிட்டப் போம். அவர் கடிக்கமாட்டார்."

அ.: "சொல்லேலாது அக்கா, நான் இன்னும் சாப்பிடேல்லை."

எல்லோருக்கும் சிரிப்பு. நான் இன்னும் ஓரடி பின்னால்.

15, புதன்

விதி: அவருடைய வலக்கண்ணை என் வலக்கண்ணால் பார்க்க வேண்டும், இடக்கண்ணை இடக்கண்ணால். அப்போதுதான் மூக்கு இடிக்காது. தூரம், இரண்டு விரல் அகலம். புத்தகத்தில் நாலு தரம் வாசித்தேன். அவ்வளவு கிட்டத்தில் நான் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை என்பது புத்தகத்துக்குத் தெரியாது.

இன்றும் சிவப்புத்தான்.

கடிதம் வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் அ. ஆறு தரம் போனைப் பார்த்தார். நான் எண்ணவில்லை. ஆறு.

16, வியாழன்

நல்ல மழை. பலாலி வீதியில் தண்ணீர். பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தீபாவளிச் சனம் நனைந்துகொண்டு துணி விலை பேசுகிறது.

தேத்தண்ணி நேரம் கேட்டேவிட்டேன்.

"நீங்கள் எதை முதலாவதாப் போட்டனீங்கள்?"

"கொழும்பைத்தான். அங்கை விழித்திரை ஒப்பரேசன் பழகலாம். ஏன், இஞ்சை நிண்டால் நல்லதோ?"

"உங்கடை விருப்பம்."

உங்கடை விருப்பம்! இத்தனை புத்தகம் வாசித்து, வாயில் வந்த வசனம் இது.

17, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

மேரியக்கா அவருடைய இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டார், கண்மணி விரிய. "இனியும் தெரியேல்லை எண்டால் பிள்ளை, உமக்குத்தான் கண்ணாடி போடவேணும்." விளக்கை அணைத்தார்.

மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டப் போனேன்.

"மூச்சு விடும். மயங்கி என்ரை மேலை விழப்போறீர்."

விட்டேன். அவர் கன்னத்தில் பட்டிருக்கும். ஒரு இரத்தக் குழாய் வந்தது. அதன் வழியே போக, நரம்பு தொடங்கும் மஞ்சள் வட்டம். அதன் நடுவே குழாய் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்த ஒரு படத்திலும் துடிப்பு இல்லை.

"என்ன தெரியுது?"

"துடிக்குது."

"அது கனபேருக்குத் துடிக்கிறதுதான்."

வரையத் தொடங்க, அவருடைய போன் அதிர்ந்தது. எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்துப் பிடிபடவில்லை. என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் மங்கல். நீர் வாசியும்."

கடிதம். முதல் வரி, மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம். இரண்டாவது வரியில் கொழும்பு. உரத்து வாசித்தேன், கையொப்பம் வரை.

"இன்னொருக்கா வாசியுமன்."

வாசித்தேன். வரும் முதலாந் திகதியிலிருந்து.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "உமக்குத்தான் முதல் சொல்லவேணும் எண்டு நினைச்சிருந்தனான். இப்ப நீரல்லோ எனக்குச் சொல்லிப்போட்டீர்."

ஓம் என்றேன்.

மேரியக்கா விளக்கைப் போட்டார். கண் கூச, அ. கையால் மறைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம்.

"நேரை போங்கோ" என்றேன்.