போடாத புகையிலை

1991 ஆகஸ்ட் 12, திங்கள்
கழுத்துக் கட்டிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. மூக்குக்குப் பின்னால் புற்றுநோயாம். மெட்ராஸ் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புகையிலை போடுவீங்களா?" வெற்றிலைகூடப் போட்டதில்லை சார் என்றேன். நம்பினாரா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 14
கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து மெஷின் பலராமன், "இன்னா நடேசா, உத்தமனாட்டம் இருந்துகினு திருட்டுத்தனமா புகையிலை போட்டுனு இருந்தியா?" என்கிறான். பற்றிக்கொண்டு வந்தது. வியாதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 20
டாக்டரே இன்று சொன்னார்: "சின்ன வயசுல முக்காவாசிப் பேருக்கு வந்துபோற வைரஸ் ஒண்ணு இருக்கு. ஒரு சிலருக்கு அது உள்ளயே தங்கி, பின்னாடி இதுக்கு ஒரு காரணமா ஆகலாம். புத்துநோய் யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க."
நேராக கேன்டீனுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் — புகையிலை இல்லடா, வைரஸ்! யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னேன்.

ஆகஸ்ட் 22
கேன்டீனில் என் டம்ளரில் சிவப்பு பெயின்ட். பழுதென்று கழித்துப்போடும் பீஸுக்கு அடிப்போமே, அதே பெயின்ட். பெஞ்சில் நான் மட்டும்.
ஒட்டாது என்றும்தானே சொன்னேன்? அது எவன் காதிலும் விழவில்லையா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு
மச்சான் திருமலை வந்து, அவன் அக்காவான என் மனைவி பாஞ்சாலியையும் எங்கள் மகள் ரஞ்சனியையும் படப்பையில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். "கொயந்த கீது மாமா. ஒட்டிக்கினா இன்னா பண்றது?" பாஞ்சாலி என் முகத்தைப் பார்க்காமலே துணிமணியை மூட்டை கட்டினாள்.

செப்டம்பர் 9
கழுத்துக்குக் கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சையாம். வல்லக்கோட்டை வீட்டிலிருந்து மெட்ராஸுக்குப் பஸ் மாறி மாறித் தனியாகப் போகிறேன், வருகிறேன். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்கட்டுமே என்று ரேடியோவைப் போட்டுவைத்தேன். இன்னா பொழப்புடா இது? எம் பொண்ணப் பாக்கணும்.

செப்டம்பர் 22, ஞாயிறு
படப்பைக்குப் போனேன். திருமலை வாசலிலேயே நிறுத்திவிட்டான். எனக்கு என்ன தோன்றியதோ — "வைரஸெல்லாம் சும்மா சொன்னேன்டா. புகையிலைதான். பல வருசமா, யாருக்கும் தெரியாம."
"தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா மாமா?" வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டிக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
நான் தொட்டதே இல்லை என்று பாஞ்சாலிக்குத் தெரியும். கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

செப்டம்பர் 24
பாஞ்சாலியும் ரஞ்சனியும் வீடு வந்துவிட்டார்கள். சாயந்திரம், புகையிலைதான் என்ற சேதி கேட்டுப் பலராமன் வந்தான். "நான் அப்பவே சொல்லல?" என்று கட்டிலில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனான்.
ரஞ்சனி மடியில் ஏறி என் வாயை மோந்து பார்த்தாள். "இனிமே போடமாட்டேன்னு சத்தியம் பண்ணுப்பா."
பண்ணினேன்.